குங்குமம் வைத்த பக்கம்

பாக்கியம் மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் சேந்தமங்கலத்தில், குழந்தை மருத்துவரின் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு லேசாக உடம்பு சுட்டது. லேசாகச் சுட்டாலே மலையை விட்டு இறங்கிவிடுகிறவள் நான். கைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போயிருக்கிறேன், தெர்மாமீட்டர் இல்லாமல் போனதில்லை. கல்லூரி ஜீப் ஓட்டும் செல்வராசு அண்ணன்தான் போன் செய்தார்.

“ஏனுங்க மேடம், எங்கிருக்கறீங்க?”

“ஆஸ்பத்திரியிலண்ணா. பாப்பாவுக்கு உடம்பு சுடுது.”

“அப்படின்னா அப்புறமாப் பேசறனுங்க.”

“பரவால்ல, சொல்லுங்க.”

“நம்ம மேடம் போயிட்டாங்க. காத்தால காப்பி குடிச்சுட்டு நெஞ்ச அடைக்குதுன்னாங்களாம். தம்பி ஊட்டுல ஆம்புலன்சுக்குப் போன் மேல போன் போட்டிருக்கறாங்க. வண்டி வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.”

கல்லூரியில் எத்தனையோ மேடம்கள் உண்டு, நானும் ஒரு மேடம். ‘நம்ம மேடம்’ ஒருவர்தான். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. ‘வண்டி வாரதுக்குள்ள’ என்று அவர் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்து நின்றது. மகளைத் தூக்கி மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். அவள் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரு வண்டி காரணம். அன்று அந்த வண்டியை எடுத்துக் கொடுத்தவர், வண்டி வராமல் போயிருக்கிறார்.

அது நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. மலையில் மிளகு பறித்து, காயவைத்து, மூட்டையும் கட்டிவிட்டார்கள். இப்போதுதான் எழுத உட்கார்கிறேன். தாமதத்துக்குக் குழந்தையைச் சாக்குச் சொல்லலாம். உண்மையான காரணம் பயம். இதை எழுதினால் என் வேலைக்கு ஆபத்து. அந்த வேலை எனக்கு யாரால் தங்கியது என்பதும் இதில் வரும், அதனால்தான் இவ்வளவு நாள் யோசித்தேன்.

இதை வாசிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் வேளாண் கல்லூரியின் பழைய மாணவர்கள். அஞ்சலியில் பழி பேசலாமா, இறந்தவர்களைப் பற்றி நல்லதுதானே பேச வேண்டும் என்பீர்கள். அந்த முறையை நான் மீறப் போவதில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் சொல்வேன். மற்றது எல்லாம் இருப்பவர்களைப் பற்றி.

கல்லூரியின் வரலாற்றை இப்போது வழுவழுப்பான தாளில் அச்சடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். அதில் தாளாளர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. மலைக்குக் கீழே ரோடு காண்ட்ராக்ட் எடுத்துப் பெரிய ஆளானவர் அவர். மலைப் பிள்ளைகளுக்கு மலையிலேயே ஒரு வேளாண் கல்லூரி என்ற யோசனை அவருடையதுதான். அந்தப் புண்ணியத்தை நான் பிடுங்கவில்லை. ஆனால் முதல் நாள் முதல் வகுப்பை எடுத்த பாக்கியம் மேடத்தின் பெயர் அந்தத் தாளில் ஒரு மூலையில்கூட இல்லை.

முதல் வகுப்பு நடந்தது மூடிக் கிடந்த ஒரு மிளகுக் கிடங்கில். சாக்கு அடுக்கும் மேடைமேல் கரும்பலகை, கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள். சுவரில் ஏறியிருந்த மிளகுத் தூசியில் பிள்ளைகள் ஓயாமல் தும்மினார்களாம். வருகைப் பதிவு எடுக்கும்போது மேடம் சொன்னதை முதல் செட் மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்: “தும்மறவனெல்லாம் வந்துட்டான்னு அர்த்தம். தும்மாதவன் பேர மட்டும் சொல்லுங்க சாமி.”

மேடம் திருப்புலி நாட்டுக்காரர். சாமையும் குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிற குடும்பம். கீழே போய் வேளாண்மையில் மேல்படிப்பு முடித்துவிட்டு மலைக்கே திரும்பியவர். பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக வீடு வீடாக நடந்தார். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் அப்பா, “படிச்சுட்டு வந்து எனக்கே சாமை வெதைக்கக் கத்துக் குடுப்பாளாக்கும்?” என்று கேட்டாராம். “இல்லீங்க மாமா, வெதைக்க உங்களுக்குத் தெரியும். வெளஞ்சத யாவாரி ஏச்சு வாங்கிட்டுப் போறானே, அவனுக்குப் பதில் சொல்லத்தான் இவ படிக்கோணும்” என்றிருக்கிறார். அந்தப் பெண் இன்று ஒரு வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் அதிகாரி. இதை வாசிக்கும்போது நான் யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கிடங்கிலிருந்து தகரக் கொட்டகை, கொட்டகையிலிருந்து சொந்த நிலம். சொந்த நிலம் என்றால் வெறும் சரிவு, மழை பெய்தால் மண்ணெல்லாம் ஓடைக்குப் போய்விடும். மேடமும் மாணவர்களும் சேர்ந்து படிப்படியாகக் கல் அடுக்கி அதை வயலாக்கினார்கள். நான் தோட்டக்கலை விரிவுரையாளராக வந்து சேர்ந்தபோது அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்கென்று இஸ்திரி போட்ட சேலையில் வந்து நின்றேன். சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிய ஓர் அம்மா ஒரு கல்லை என் கையில் கொடுத்து, “அத அந்த மூலைல வையி கண்ணு, அப்புறம் உள்ள போயி பேசிக்கலாம்” என்றார். வைத்தேன். தேர்வுக் குழுவில் அவரும் இருந்தார். அச்சடித்த வரலாற்றில், ‘நவீன இயந்திரங்களின் துணையோடு’ சரிவு சமன் செய்யப்பட்டதாக இருக்கிறது. உங்கள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இயந்திரங்கள் நீங்கள்தான்.

அந்த நிலத்தில் முதல் நடவு விழா. இந்த அஞ்சலிக்கு இதுதான் வேர், அதனால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நடுவதற்கு விதை கிடையாது, தண்டை வெட்டிய குச்சியைத்தான் நட வேண்டும். குச்சியில் கணுவுக்குக் கணு ஒரு மொட்டு இருக்கும். மொட்டு மேலே பார்க்கும்படி நட்டால் செடி. கீழே பார்க்கும்படி நட்டால் முளைத்தாலும் உருப்படாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டுதான் பள்ளிக்கூடமே போகும். மண்ணுக்குள் போக வேண்டிய அடிப்பக்கம் பருமனாகவும் நுனிப்பக்கம் ஒல்லியாகவும் இருக்கும். விழாவுக்குத் தாம்பாளம் ஏற்பாடு செய்த அலுவலகக் கண்காணிப்பாளர் மாணிக்கம், பருமனான பக்கத்தில் இடம் அதிகம் என்று அங்கே சந்தனம் பூசிப் பெரிய குங்குமப் பொட்டாக வைத்துவிட்டார். தாளாளர் பட்டு வேட்டியோடு குனிந்தார். குங்குமம் வைத்த பக்கம் மேலே இருக்கும்படி குச்சியைக் குழிக்குள் இறக்கினார்.

சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. துணைவேந்தரின் பிரதிநிதி ஒருவர் மேகத்தைப் பார்த்தார். பேராசிரியர்கள் செருப்பைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் தாளாளரின் காதருகே போய் மெதுவாகச் சொன்னார்: “ஐயா, குச்சி தலகீழா இருக்குதுங்க.”

அவர் திரும்பாமலே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “குங்குமம் வெச்ச பக்கத்த மண்ணுக்குள்ள பொதைக்கச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா, ஏம்மா இப்படி அவசகுனம் பேசற?”

கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தக் குச்சியைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, தாளாளர் நட்டது என்று பலகையும் வைத்தார்கள். மாணவர்கள் நட்டதெல்லாம் ஆளுயரம் வளர்ந்தபோது, வேலிக்குள் இருந்தது பக்கவாட்டில் நோஞ்சானாக ஒரு கிளை விட்டு நின்றது. அறுவடைப் படத்துக்காக மாணிக்கம் பக்கத்துச் செடியின் கிழங்கைத் தோண்டி அதன் அடியில் புதைத்து வைத்ததும், தாளாளர் இழுத்ததும் கிழங்கு தனியாகவும் செடி தனியாகவும் வந்ததும், பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது.

நான் விழா நாளிலேயே கொதித்துக்கொண்டிருந்தேன். “நாலு பேர் முன்னால உங்கள அப்படிப் பேசிட்டாரே மேடம், நீங்க திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?” என்றேன். மேடம் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “கோவத்தப் பச்சையா விக்காத கண்ணு. காயப்போட்டு மூட்டை கட்டி வையி. மொளகு மாதிரி அது கெட்டுப் போவாது. வெல வாரப்ப எறக்கலாம்.” மலையில் வசதிக்காரர்கள் அப்படித்தான் மிளகை வைத்திருந்து விற்பார்கள். மேடம் கோபத்தில் வசதிக்காரர்.

என் மகள் பிறந்த பிறகு அவளை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றேன். கணவருக்கு ஓசூரில் வேலை. ஆசிரியர் அறையில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மேடம் தன் பண்ணை அலுவலகத்தில் விதைச் சாக்குகளுக்கு மேலே தூளி கட்டிக் கொடுத்தார். “வெத இருக்கற எடந்தான், முளைக்கட்டும்” என்றார்.

ஒரு மதியம், கல்லூரிக்கு அங்கீகாரம் நீட்டிக்க ஆய்வுக்குழு வருகிற நாள். அவர்களைச் சேந்தமங்கலத்திலிருந்து அழைத்துவர ஜீப்பைக் கழுவி முன்பக்கம் மாலை கட்டி நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தைக்குக் காய்ச்சல் சட்டென்று ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. மேடம் குழந்தையை வாங்கி ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடியதுதான் நினைவிருக்கிறது.

தாளாளர் வாசற்படியில் நின்றிருந்தார். “அது குழுவுக்குப் போற வண்டி.”

“தெரியுமுங்க. அவங்க கீழதான இருக்கறாங்க, நாங்களும் கீழதானுங்க போறோம்.”

“வண்டியில வாந்தி கீந்தி எடுத்து வெச்சா? பஸ்ல போகச் சொல்லு.”

“பஸ்ஸு வாரதுக்கு இன்னும் நேரங்கெடக்குதுங்க. கொழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லீங்க.” குழந்தையோடு ஜீப்பில் ஏறினார். “செல்வராசு, எட்றா வண்டிய.”

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் சாயும்போதெல்லாம் நான் வெளியே பள்ளத்தைப் பார்த்தேன். மேடம் குழந்தையின் நெற்றியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டே அதட்டினார்: “வளைவப் பாக்காத. இங்க பாரு. மூச்சு வருது பாரு. இதையே பாத்துட்டு வா.” அன்றிலிருந்து நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தூக்கத்தில்கூட. பாதி மலை இறங்குவதற்குள் வலிப்பு நின்றது. காய்ச்சலில் வருவதுதான், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். ஆய்வுக்குழுவினர் அரை டம்ளர் டீ கூடுதலாகக் குடித்ததைத் தவிர அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. அதே ஜீப்பில் ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அங்கீகாரமும் கிடைத்தது.

தாளாளர் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் மேடத்தை அறைக்குக் கூப்பிட்டார்கள். வண்டிச் சாவி கொடுப்பதற்காக வெளியே நின்ற செல்வராசு அண்ணன் கேட்டதைத்தான் எழுதுகிறேன். விருப்பப்பட்டு விலகுவதாக எழுதிக் கொடு என்றார் தாளாளர். மேடம் முடியாது என்றார்.

“அப்படியா? நீ எழுதலைன்னா அந்தப் புள்ளைக்காரிய அனுப்பிடறேன். தற்காலிக வேலைதான அவளுக்கு? யாரையும் கேக்கவே வேண்டியதில்ல.”

“மேடம் மாணிக்கத்துகிட்டப் பேனா கேட்டாங்க,” என்றார் செல்வராசு அண்ணன். “அவ்வளவுதானுங்க.”

நான் அழுதுகொண்டு போய் நின்றபோது, “நீ வேலைய உட்டுட்டுப் போயிட்டீன்னா நான் எழுதுனது வீணாப் போயிரும், பாத்துக்க” என்று மிரட்டினார். அதனால் இருந்தேன், இன்றுவரை இருக்கிறேன்.

மேடத்தின் கடைசி வாரத்தில் நாமக்கல்லிலிருந்து கல் சிற்பி ஒருவர் பெரிய வரைபடத்தோடு வந்தார். கல்லூரிக்குப் புது நுழைவு வளைவு, அதன் உச்சியில் கல்லூரியின் சின்னம். தாளாளர் தனக்குப் பிடித்த அந்த நடவு விழாப் படத்தையே சின்னமாக வரையச் சொல்லியிருந்தார். வெளியே அனுப்பத் தீர்மானித்த பிறகும், செடி பற்றிக் கேட்க அவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

“பண்ணை மேடத்துகிட்ட ஒருவாட்டி காட்டிரச் சொன்னாருங்க. சரியா இருக்குதுங்களா? கல்லுல அடிச்சுட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க.”

வரைபடத்தில் ஒரு கை, கையில் ஒரு குச்சி, உச்சியில் குங்குமப் பொட்டு. அவர் நேர்மையான கலைஞர், படத்தில் இருந்ததை அப்படியே வரைந்திருந்தார். மொட்டுகள் எல்லாம் வரிசையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் மேடம் என் காலை மிதித்தார்.

“ஐயா நட்ட மாதிரியேதான் இருக்குதுங்க,” என்றார். “தாராளமா செய்யுங்க.”

“கணுவெல்லாம் தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுது. இன்னுங்கொஞ்சம் எடுப்பா அடிங்க.”

சிற்பி போன பிறகு மேடம் கதவைச் சாத்திவிட்டு, தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தூளியில் கிடந்த என் மகளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். “மூட்டைய எறக்கிட்டன் கண்ணு,” என்றார் மேடம்.

வளைவு எழுந்தது. அதே சின்னம் பேருந்துகளின் பக்கவாட்டில் ஏறியது, மாணவர்களின் கழுத்து அட்டையில் ஏறியது, அச்சடித்த வரலாற்றின் அட்டையிலும் ஏறியது. கல்லூரியில் இருப்பவர்கள் கண்டுகொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கண்டிருந்தாலும், செருப்பைப் பார்த்துப் பழகியவர்கள்.

இரங்கல் கூட்டத்துக்கு மகளோடு டவுன் பஸ்ஸில் போனேன். வளைவைத் தாண்டும்போது முன் சீட்டில் இருந்த திருப்புலி நாட்டுப் பெண்கள் இருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

“இதாருடி, குச்சிய மண்ட குப்புற நட்டு வெச்சிருக்கறது?”

“படிச்சவங்க வெச்சது. கெழங்கு மேல காய்க்கும்னு பாத்திருப்பாங்க.”

“நம்மூட்டு மருமவ இப்படி நட்டா சோறு போடுவமா?”

“இவங்களுக்குப் பட்டமே போடறாங்க.”

“டிக்கெட் எடுத்துட்டுச் சிரிங்க ஆயா,” என்றார் கண்டக்டர், அவரும் சிரித்துக்கொண்டே. மேடம் இறந்த துக்கத்தில் இருந்த நான் அந்த பஸ்ஸில் அவர் குரலைக் கேட்டேன். நன்றாக எடுப்பாகத்தான் அடித்திருந்தார் சிற்பி.

கூட்டத்தில் தாளாளர் மேடத்தின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். “பாக்கியம் எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி. உடம்பு முடியலைன்னு தானா விலகிப் போனாங்க. நான் எவ்வளவோ தடுத்தேன்” என்றார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்களே, நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஜீப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் நீங்கள். என் குழந்தை அதில் போனது உங்களுக்குத் தெரியும். யாருடைய தலை எவ்வளவு ஆடியது என்று பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மேடத்தின் நினைவாகத் தாளாளர் ஒரு மரக்கன்று நட்டார். மரக்கன்றுக்கு வேர் இருக்கிறது, அதனால் தப்பித்தார்.

தாளாளர் அவர்களே, இது உங்கள் கைக்கும் வரும். நீங்கள் வளைவை இடிக்கலாம். இடித்தால் ஏன் இடித்தார்கள் என்று மலை முழுக்கக் கேட்கும், சொல்ல நான் இருக்கிறேன். இடிக்காமலும் இருக்கலாம். குச்சி தெரிந்தவர்கள் அதன் கீழே போய்க்கொண்டே இருப்பார்கள், இந்த மலையில் குச்சி தெரியாதவர்கள் யாரும் இல்லை. அவர் தானாக விலகினார் என்று நீங்கள் எத்தனை மேடையில் சொன்னாலும், அவருக்குப் பதிலாக உங்கள் வாசலில் உங்கள் கையே சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கும்.

மேடத்தின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. சேலையோ கண்ணாடியோ புத்தகமோ கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. என் மகள் அவர் கொடுத்தவள், ஆனால் அவளை நினைவுப் பொருள் என்று சொல்ல மாட்டேன். அவள் ஓடுகிறாள், விழுகிறாள், எனக்குப் பயமாகவே இருக்கிறது. மேடம் காப்பாற்றிக் கொடுத்த வேலையை நானே தூக்கிப் போடுகிறேனோ என்றும் பயமாகத்தான் இருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பதிலைத்தான், சிற்பிக்கு அவர் சொன்னதை. அதையும் உபயோகித்துவிட்டேன்.

போன வாரம் மாணிக்கம் போன் செய்தார். கல்லூரி மேடத்துக்கு நினைவு மலர் போடுகிறதாம். “இருக்கறத இருக்கற மாதிரி, நல்லவிதமா எழுதிக் குடுங்கம்மா. உடம்பு முடியாம தானா விலகுனாங்கன்னு ஒரு வரி வந்துட்டாப் போதும், ஐயா ஆசப்படறாரு. அடுத்த வருசம் உங்க வேலையத் தொடரறதப் பத்தியும் ஐயா யோசிச்சுட்டிருக்கறாரு.”

மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை.

“இருக்கறத இருக்கற மாதிரிதானுங்களே?” என்றேன். “தாராளமா எழுதறேனுங்க.”